ஹா-ஹா வேலி: தோட்டத்தின் அழகும் காலனியின் பாதையும்

‘வேலி’ என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, ஆடுமாடு நுழையாமல் கொல்லையைச் சுற்றிக் கட்டுவது. இன்னொன்று, நில அளவு. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு வேலி என்றால் ஆறரை ஏக்கருக்கு மேல். ‘நூறு வேலிப் பண்ணை’ என்று அங்கே சொன்னால், அடைத்து வைத்திருப்பதையும் சொந்தமாக வைத்திருப்பதையும் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். நிலமில்லாதவருக்கு இரண்டு பொருளும் ஒன்றுதான்: உள்ளே வராதே.

திருவண்ணாமலையைச் சுற்றி இப்போது கொல்லைகளும் மாந்தோப்புகளும் மனைகளாகவும் பண்ணை வீடுகளாகவும் மாறுகின்றன. கீழ்பென்னாத்தூர் பக்கமும் அதே காற்றுதான். முன்பு கிளுவையும் கள்ளியும் நின்ற வரப்பில் இப்போது கத்தரித்துச் சமன் செய்த டுராண்டா வேலி. உள்ளே புல்தரை, நடுவில் ஒரு நீரூற்று, ஓரத்தில் செதுக்கிய செடிகள். ‘இங்கிலீஷ் கார்டன்’ என்று பெயர் சொல்லியே விற்கிறார்கள். படிக்கிற தம்பி தங்கைகளுக்கு இது அழகாகத் தெரிவதில் தப்பில்லை. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகு எங்கிருந்து வந்தது, யார் நிலத்தில், யார் காசில், யார் கையால் வந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தால், நம் ஊரில் கண்ணுக்குத் தெரியாத சில வேலிகளும் தெரிய ஆரம்பிக்கும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

அறை அறையாக ஒரு தோட்டம்

இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைத் தோட்டங்களில் ஒரு வகை உண்டு. செடி வேலியையே சுவராக வளர்த்து, தோட்டத்தை வீடு மாதிரி அறை அறையாகப் பிரிப்பார்கள். ஓர் அறையில் வெள்ளைப் பூக்கள் மட்டும், இன்னொன்றில் ரோஜா, இன்னொன்றில் ஒரு குளம். வாசல் வழியாக ஒவ்வோர் அறையாகப் போகவேண்டும். அடுத்ததில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாது. இதில் பேர்போனவை இரண்டு. ஹிட்கோட் மாளிகையை 1907-ல் ஒரு பணக்காரத் தாய் வாங்க, மகன் லாரன்ஸ் ஜான்ஸ்டன் தோட்டத்தை அமைத்தார். சிசிங்ஹர்ஸ்டை 1930-ல் எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்டும் கணவர் ஹெரால்ட் நிக்கல்சனும் வாங்கினார்கள். இரண்டும் இன்று நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் இருக்கின்றன.

இந்த வடிவம் அவர்கள் கண்டுபிடித்தது இல்லை. இத்தாலியப் பிரபுக்களும் பிரெஞ்சு மன்னர்களும் அதற்கு முந்நூறு, நானூறு வருடம் முன்பே கோடு போட்டு, செடியை வெட்டி, சதுரமும் வட்டமுமாகத் தோட்டம் போட்டார்கள். வெர்சாய் அரண்மனைத் தோட்டம் அதன் உச்சம். இயற்கையையே என் சொல்படி நிற்கவைப்பேன் என்று காட்டுவது அரசனின் வேலை. யூ என்கிற மரத்தில் வேலி வளர்த்தால் ஆள் உயரம் வரவே பல வருடம் ஆகும். அப்புறம் ஆண்டுதோறும் நூல் பிடித்து வெட்ட வேண்டும். ஒரு வருடம் விட்டால் கோடு கலைந்துவிடும். ஆகவே இப்படியொரு வேலி நிற்கிறது என்றால் அதன் பின்னால் தலைமுறை தலைமுறையாகக் கூலி ஆட்கள் நிற்கிறார்கள் என்று அர்த்தம். மாளிகைக்காரர் பெயர் புத்தகத்தில் இருக்கும். வேலி வெட்டியவர் பெயர் இருக்காது.

மாளிகைக்கு வெளியே அதே நாட்டில் இன்னொரு வேலியும் வளர்ந்துகொண்டிருந்தது. ஏழைகள் மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் பயன்படுத்திய பொது நிலங்களை, பாராளுமன்றத்தில் சட்டம் போட்டே தனியார் நிலமாக அடைத்தார்கள். 1750-க்கும் 1850-க்கும் இடையில் சுமார் 4,000 அடைப்புச் சட்டங்கள். அடைத்த நிலத்தைச் சுற்றி முள்செடி வேலி. நம் ஊரில் மேய்க்கால் புறம்போக்கு யார் கைக்குப் போனது என்று யோசித்துக்கொள்ளுங்கள். கதை அவ்வளவு வித்தியாசம் இல்லை. உள்ளே அலங்கார வேலி, வெளியே முள்வேலி. இரண்டையும் நட்ட வர்க்கம் ஒன்றேதான்.

கிராமத்தைத் தூக்கிய சுதந்திரக் கோயில்

இந்த வரலாற்றில் நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு தோட்டம் இருக்கிறது. பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில் ஸ்டோவ். டெம்பிள் என்ற குடும்பத்தின் மாளிகை. குடும்பப் பெயருக்கே ‘கோயில்’ என்று பொருள் என்பதால் தோட்டம் முழுக்கக் கோயில் வடிவ மண்டபங்களாகக் கட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் காபம் பிரபு காலத்தில் அது இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற தோட்டம். ‘கேப்பபிலிட்டி’ பிரவுன் என்று உலகமே கொண்டாடும் தோட்டக்கலைஞர் 1741 முதல் பத்து வருடம் அங்கே தலைமைத் தோட்டக்காரராக வேலை பார்த்தவர்.

முதலில் ஸ்டோவும் கோடு போட்ட, வேலி வைத்த தோட்டமாகத்தான் இருந்தது. பிறகு ரசனை மாறியது. வேலியே தெரியக்கூடாது, மாளிகை ஜன்னலில் இருந்து பார்த்தால் புல்வெளி கண்ணுக்கெட்டிய தூரம் தடையில்லாமல் ஓடவேண்டும் என்று பிரபுக்கள் ஆசைப்பட்டார்கள். ஆனால் மாடும் ஆடும் உள்ளே வந்துவிடக் கூடாதே? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிலத்தில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டி, மாளிகைப் பக்கம் செங்குத்தாகச் சுவர் எழுப்புவது. சுவரின் தலை தரைமட்டத்தில் நிற்கும். உள்ளே இருப்பவர் கண்ணுக்குப் பள்ளமும் தெரியாது, சுவரும் தெரியாது. வெளியே இருந்து வருகிற மாடு மட்டும் சுவரில் முட்டி நிற்கும். இதற்குப் பெயர் ஹா-ஹா. திடீரென்று பள்ளத்தைப் பார்த்தவர் போடும் சத்தத்தில் இருந்து வந்த பெயர் என்கிறார்கள். இங்கிலாந்தில் அதை முதன்முதலில் பெரிய அளவில் வெட்டிய இடங்களில் ஸ்டோவும் ஒன்று. வெட்டச் செய்தவர் சார்ல்ஸ் பிரிட்ஜ்மன்.

இந்தப் பள்ளத்தை மனதில் வையுங்கள். உள்ளே இருப்பவருக்கு அது இல்லவே இல்லை. வெளியே இருப்பவருக்கு மட்டும் அது சுவர்.

ஸ்டோவில் இன்னொன்றும் இல்லாமல் போனது: ஸ்டோவ் என்ற கிராமம். தோட்டம் விரிய விரிய வீடுகள் ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன, குடும்பங்கள் வேறு இடம் போயின. மிஞ்சியது பழைய தேவாலயம் ஒன்றுதான். அதையும் மரங்களை வளர்த்துப் பார்வையில் இருந்து மறைத்துவிட்டார்கள். அதே தோட்டத்தில் 1740களில் ஒரு மண்டபத்தைச் சுதந்திரத்துக்கு அர்ப்பணித்தார்கள். மன்னராட்சியின் அத்துமீறலை எதிர்த்த கட்சியின் ஆள் காபம் பிரபு. அவருக்குச் சுதந்திரம் என்றால் உயிர். ஆனால் அந்தச் சுதந்திரம் யாருக்கு என்று, வீடு இழந்த ஸ்டோவ் கிராமத்தாரைக் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும். கிராமத்தைத் தூக்கிவிட்டுச் சுதந்திரத்துக்குக் கோயில் கட்டுவதை, கோயில் நகரத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஜமைக்காவின் கரும்பு

காபம் பிரபுவின் வாரிசுகள் பெண் கொடுத்தும் எடுத்தும் வளர்ந்து பக்கிங்காம் கோமகன் பட்டம் வரை போனார்கள். அப்படி ஒரு திருமணத்தின் வழியாக ஜமைக்காவில் ‘ஹோப்’ என்ற கரும்புத் தோட்டமும் குடும்பத்துக்கு வந்தது. வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவில் இருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும். 1834-ல் பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது அரசு 2 கோடி பவுண்டு நஷ்டஈடு ஒதுக்கியது. அடிமைகளுக்கு இல்லை, எஜமானர்களுக்கு! பக்கிங்காம் குடும்பமும் அதில் பங்கு வாங்கியது. சங்கிலியில் கிடந்தவருக்கு ஒரு காசு இல்லை. அந்த ஹோப் எஸ்டேட் நிலத்தின் ஒரு பகுதிதான் இன்று கிங்ஸ்டன் நகரத்தின் புகழ்பெற்ற தாவரவியல் பூங்கா.

ஸ்டோவ் ஒன்று மட்டுமா? நம் ஆற்காட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு நூல் கிடக்கிறது. 1751-ல் ஆற்காட்டைப் பிடித்துப் பேர் வாங்கிய ராபர்ட் கிளைவின் சொத்து, அவர் மகன் எட்வர்டின் திருமணம் வழியாக வேல்ஸ் நாட்டுப் பொவிஸ் கோட்டையோடு சேர்ந்தது. பிரமாண்டமான யூ வேலிகளுக்குப் பேர்போன தோட்டம் அது. எட்வர்ட் 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநர். திப்பு சுல்தானின் கூடாரம் உட்பட இங்கிருந்து போன பொருட்கள் இன்றும் அந்தக் கோட்டையில் இருக்கின்றன.

2020-ல் நேஷனல் டிரஸ்ட் தன்னிடம் உள்ள மாளிகைகளில் 93 இடங்களுக்கு அடிமை வணிகத்தோடும் காலனியாட்சியோடும் உள்ள தொடர்பை ஓர் அறிக்கையாக வெளியிட்டது. உடனே அங்கே பெரிய கூச்சல். தோட்டம் பார்க்க வருகிற மக்களிடம் எதற்கு அரசியல் என்று ஆளுங்கட்சி எம்.பி.க்களே கண்டித்தார்கள். சாதியைப் பற்றி எழுதினால் ‘எதற்கு இதையெல்லாம் கிளறுகிறீர்கள்’ என்று இங்கே வருகிற அதே குரல்.

பஞ்ச காலத்து மாளிகை

ஸ்டோவ் குடும்பம் ஆடம்பரத்தில் மூழ்கி 1848-ல் திவாலானது. மாளிகைச் சாமான்களை நாற்பது நாள் ஏலம் விட்டார்கள். அதே 1848-ல்தான் நீலகிரியில், வெள்ளைக்காரர்கள் காய்கறிக்காகச் சந்தா கட்டி நடத்திக்கொண்டிருந்த தோட்டத்தை வில்லியம் மெக்கைவர் என்ற தோட்டக்காரர் கையில் எடுத்து ஊட்டி தாவரவியல் பூங்காவாக மாற்றத் தொடங்கினார். தோடர்கள் எருமை மேய்த்த சரிவில் இங்கிலாந்தின் புல்தரை வந்தது.

திவாலான குடும்பத்தின் கடனைப் பெரும்பாடு பட்டு அடைத்த மூன்றாம் கோமகன் 1875-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தார். அடுத்த ஆண்டே மழை பொய்த்தது. 1876 முதல் 1878 வரை நடந்ததைத் தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிகள் சொல்வார்கள். சுமார் 55 லட்சம் பேர் செத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. வட ஆற்காடு, செங்கல்பட்டு, சேலம், கோவை, பெல்லாரி, கர்னூல், கடப்பா என்று வறண்ட மாவட்டங்கள் நொறுங்கின. கழனி உள்ளவன் குதிரில் கொஞ்சம் வைத்திருந்தான். நகை உள்ளவன் அடகு வைத்தான். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் பொங்கியவனுக்கு முதல் மாதமே அடுப்பு அணைந்தது. அப்படி வாழ்ந்தவர்களில் பெரும்பகுதி யார் என்று சாதிப் பட்டியல் பார்க்கத் தேவையில்லை.

நிவாரண வேலைக்குப் போனவருக்கு 1877 தொடக்கத்தில் இந்திய அரசின் தூதர் நிர்ணயித்த கூலி, நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறையும். ஒரு பவுண்டு அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்று மண் வெட்ட வேண்டும். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது ஆளைக் கொல்லும் என்று எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துத்தான் உயர்த்தினார்கள். சென்னை நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய் அந்தப் பஞ்ச வேலையில் வெட்டப்பட்டது. அதற்கு ஆளுநர் பெயரை வைத்தார்கள். அதுதான் பக்கிங்காம் கால்வாய். வெட்டியவர் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

நியாயமாகப் பேசினால், பக்கிங்காம் அந்தக் காலத்து ஆட்சியாளர்களில் மோசமானவர் இல்லை. செலவைக் குறை என்று நெருக்கிய வைஸ்ராய் லிட்டனோடு மோதியவர். இங்கிலாந்து மக்களிடம் நிதி கேட்டு வேண்டுகோள் விடுத்தவர். ஆனாலும் பஞ்சத்தை ஒட்டிய அதே ஆண்டுகளில் ஊட்டியில், தாவரவியல் பூங்காவுக்கு மேலே, ஆளுநருக்குப் புதிய மாளிகை எழும்பியது. இன்றைக்கு ஆளுநரின் கோடை வாசஸ்தலமாக நிற்பது அதுதான். ஆள் நல்லவரா கெட்டவரா என்பதில் விஷயம் இல்லை. நல்ல பிரபுவின் ஆட்சியில்கூட, பசிக்கும் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு ஹா-ஹா இருந்தது. மேலே இருந்து பார்த்தால் பச்சைச் சரிவு மட்டும்தான் தெரியும்.

பஞ்சத்தில் தப்பியவர்கள் எங்கே போனார்கள்? பலர் கங்காணிகள் பின்னால் இலங்கை மலைத் தோட்டங்களுக்கும், ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் தாண்டியும் போனார்கள். அவர்களில் கணிசமானோர் தலித்துகள். பல தலைமுறைக்குப் பிறகு, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நாடு திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்கத்தான் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம், அதாவது டேன்டீ, வந்தது. சுற்றுலாப் பயணி ஊட்டியில் ‘பச்சைக் கம்பளம்’ என்று படம் பிடிக்கிற தேயிலைச் சரிவும் வெட்டிச் சமன் செய்த வேலிதான். அதை மட்டம் பிடித்து வைத்திருப்பது அந்தப் பெண்களின் விரல்கள்.

வேலிக்காத்தான் வந்த வருடம்

நம் பக்கத்து வேலிக்கும் அந்தக் காலத்தோடு ஓர் உறவு உண்டு. ஏரிக்கரையிலும் தரிசிலும் பரவிக் கிடக்கிற வேலிக்காத்தான், அதாவது சீமைக்கருவேலம், காமராஜர் காலத்தில் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிற்காலத்தில் பரவியது வேறு கதை. பதிவில் இருக்கும் முதல் வரவு பஞ்ச காலம்தான்: வனத்துறை அதிகாரி பெட்டோம் 1876-ல் விதை கேட்டு எழுதினார், 1877-ல் கடப்பாவில் விதைத்தார்கள். விதை வந்தது ஜமைக்காவில் இருந்து. பக்கிங்காம் குடும்பத்தின் அடிமைத் தோட்டம் இருந்த அதே தீவு. இது தற்செயல்தான், சதி ஒன்றும் இல்லை. ஆனால் ஒரே பேரரசின் கப்பல்கள் அடிமைகளின் கரும்பையும், ஒப்பந்தக் கூலிகளையும், வேலிச் செடியின் விதையையும் சுமந்தன என்பது தற்செயல் இல்லை. பெயரிலேயே வேலி வைத்திருக்கும் அந்த முள்ளை வெட்டி, மூட்டம் போட்டு, கரி சுட்டுப் பிழைப்பவர்கள் யார் என்று எந்த ஊரிலும் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர் ஹா-ஹா

இப்போது நம் தெருவுக்கு வருவோம். நமக்கு எதிரான வேலிகள் மூன்று வகை.

முதல் வகை, கண்ணுக்குத் தெரியும் சுவர். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-ல் எழுப்பிய சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் அரசே இடிக்க வேண்டி வந்தது. பத்தொன்பது வருடம் நின்ற சுவர் அது. தெரிகிற சுவர் என்பதால் போராட முடிந்தது, படம் பிடிக்க முடிந்தது, நாடு முழுக்கச் செய்தியானது.

இரண்டாம் வகை, ‘அது என் வீட்டுச் சுவர், எனக்கு உரிமை’ என்று சொல்லும் சுவர். ஊட்டிக்கு ரயில் ஏறுகிற மேட்டுப்பாளையத்தில், நடூர் ஏ.டி. காலனியை ஒட்டி ஒரு தனியார் வீட்டைச் சுற்றி சுமார் 20 அடி உயரத்துக்குக் கருங்கல் சுவர் இருந்தது. 2019 டிசம்பர் 2 விடியற்காலை மழையில் அது காலனி வீடுகள் மேல் சரிந்து 17 தலித்துகள் தூக்கத்திலேயே செத்தார்கள். சுவர் ஆபத்து என்று அவர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். ஒரு வீட்டின் தோட்டத்துக்கும் காலனிக்கும் நடுவே இருபது அடிச் சுவர் எதற்குத் தேவைப்பட்டது என்ற கேள்வியைச் சட்டத்தின் மொழியில் ‘அலட்சியம்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

மூன்றாம் வகைதான் ஹா-ஹா. நம் மாவட்டத்திலேயே தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். அது அறநிலையத் துறைக் கோயில். கோயில் நுழைவுச் சட்டம் வந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆனாலும் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக தலித்துகள் உள்ளே போகவில்லை. 2023 ஜனவரி 30-ஆம் தேதிதான், கலெக்டர், போலீஸ் பாதுகாப்போடு போனார்கள். அதற்கு முந்தின நாள் வரை ஊர்த்தெருக்காரரிடம் ‘உங்கள் ஊரில் சாதி இருக்கிறதா’ என்று கேட்டிருந்தால், ‘அதெல்லாம் ஒன்றும் இல்லைங்க, எல்லாரும் அண்ணன் தம்பியாப் பழகுறோம்’ என்றுதான் சொல்லியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நிற்கிற பக்கத்தில் இருந்து பள்ளம் தெரியாது. எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு மட்டும்தான் அது சுவர். டீக்கடை, குளம், தேர் வரும் தெரு, கல்லூரி விடுதி, வேலைக்கான நேர்முகத் தேர்வு என்று இன்று படிக்கிற பிள்ளைகள் முட்டுகிற வேலிகளில் பெரும்பாலானவை இந்த வகை.

பண்ணை வீட்டு வேலியும் இதில்தான் வரும். எங்கள் வட்டாரத்தில் ஒரு காலனியின் சுடுகாட்டுப் பாதை, கைமாறிய ஒரு கொல்லை வழியாகப் போகிறது. புதிதாக வந்தவர் சுவர் கட்டவில்லை. செடி வேலி வைத்து, பூச்செடி நட்டு, குழாய் போட்டுவிட்டார். கேட்டால், ‘பாதை இருப்பதே எங்களுக்குத் தெரியாது, தரகர் சொல்லவில்லை’ என்கிறார்கள். கூலிக்கு அந்த வேலியை வெட்டிவிடுவது அதே காலனிப் பெண்கள். சாவு விழுந்தால் பாடையோடு அடுத்தவன் கழனி வரப்பில் இறங்கி, சேற்றில் நடக்கிறார்கள். வெளியே இருந்து வருகிற யாரிடமாவது இதைக் காட்டினால் அவர்கள் முதலில் பார்ப்பது பூவைத்தான்.

அழகு யாருக்கு?

அப்படியென்றால் தோட்டமே வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அழகு பணக்காரர் சொத்து, நமக்குக் கழிவறையும் குடிநீரும் போதும் என்று சொல்வதும் ஒரு வேலிதான்.

நொய்டாவில் மாயாவதி ஆட்சியில் அமைத்து 2011 அக்டோபரில் திறந்த ‘ராஷ்ட்ரிய தலித் பிரேர்ணா ஸ்தல்’ நினைவிருக்கிறதா? அம்பேத்கர், கன்ஷி ராம் உள்ளிட்ட நம் தலைவர்களின் சிலைகளோடு, பல ஏக்கரில் ஒரு பூங்கா. ‘மக்கள் பணத்தில் ஆடம்பரம்’, ‘உயிரோடு இருப்பவர் தனக்கே சிலை வைப்பதா’ என்று எத்தனை தலையங்கங்கள்! 2012 தேர்தலில் மாயாவதி சிலைகளையும் யானைச் சிலைகளையும் துணி போட்டு மூடச் சொன்னது தேர்தல் ஆணையம். ஸ்டோவ் தோட்டத்தில் காபம் பிரபுவும் 1730களில் தன் கட்சிக்குப் பிடித்த பதினாறு பெருமக்களுக்கு ஒரு மண்டபம் கட்டி மார்பளவுச் சிலை வைத்தார். அதில் அப்போது உயிரோடு இருந்த கவிஞர் போப்பும் உண்டு, அரசியல்வாதி ஜான் பர்னார்டும் உண்டு. அதுவும் அரசியல் தோட்டம்தான். அதைக் கலை வரலாறு என்று படிக்கிறார்கள், இதை வீண்செலவு என்று எழுதினார்கள். அந்தப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டியிருக்கலாம் என்று நம் தோழர்களே வாதிடுகிறார்கள். அந்த விவாதம் நமக்குள் நடக்கட்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பிரபுவின் தோட்டத்தைப் பார்த்து அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான். தோட்டத்தை ரசியுங்கள். ரசிக்கும்போதே நிலம் யாருடையது, காசு எங்கிருந்து வந்தது, கத்தரி பிடித்த கை யாருடையது என்ற மூன்று கேள்வியையும் கூடவே கொண்டுபோங்கள். ஊட்டி மலர்க் கண்காட்சிக்குக் கல்லூரிச் சுற்றுலா போகும்போது தாது வருடப் பஞ்சத்தையும் பேசுங்கள். பூங்காவிலும் மாளிகையிலும் அந்த வரலாற்றை எழுதி வைக்கும்படி அரசைக் கேட்போம். ஒரு தனியார் அறக்கட்டளை 93 மாளிகைகளைப் பற்றிச் செய்ததை, சமூகநீதி பேசும் ஓர் அரசு செய்ய முடியாதா?

வரைபடத்தைக் கையில் எடுங்கள்

கண்ணுக்குத் தெரியாத வேலியை எப்படிக் காட்டுவது? காகிதத்தில்தான் அது முதலில் தெரியும். உங்கள் ஊர்க் கிராம வரைபடம், புலப்படம், ‘அ’ பதிவேடு மூன்றையும் எடுங்கள். பட்டா, புலப்படம், ‘அ’ பதிவேடு விவரங்களைத் தமிழ்நாடு அரசின் இணைய சேவையிலேயே பார்க்கலாம். சுடுகாட்டுப் பாதை, வண்டிப்பாதை, ஓடை, மேய்க்கால் எல்லாம் எந்தச் சர்வே எண்ணில் இருக்கின்றன என்று குறித்துக்கொண்டு, தரையில் நடந்து பாருங்கள். காகிதத்தில் பாதை இருந்து தரையில் பூச்செடி இருந்தால், அங்கேதான் ஹா-ஹா.

அடுத்து பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1892 செப்டம்பர் 30-ல் 1010, 1010-ஏ எண் அரசாணைகள் வந்தன. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த நிலத்தைப் பத்து வருடம் விற்கக் கூடாது. அதன் பிறகும் அந்த வகுப்பாருக்கு மட்டும்தான் கைமாற்றலாம் என்பது நிபந்தனை. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் வைக்கும் கணக்கு. அந்த நிலம் கேட்டுத்தான் 1994 அக்டோபர் 10-ல் காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். 1980களின் யு.டி.ஆர். பதிவுகளில் பல இடங்களில் ‘நிபந்தனை’ என்ற சொல்லே காணாமல் போனது. அதனால் இன்றைய பட்டாவோடு நிற்காதீர்கள். பழைய செட்டில்மென்ட் பதிவேட்டைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பண்ணை வீட்டு விளம்பரம் வருகிற சர்வே எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தையும் கையில் வைத்திருங்கள். நம் நிலத்தை முறைகேடாகப் பிடிப்பது மட்டும் குற்றமில்லை. பொதுச் சொத்தையும், சுடுகாட்டையும், பாதையையும் மற்றவரோடு சமமாகப் பயன்படுத்த விடாமல் தடுப்பதும் பிரிவு 3(1)-ன் கீழ் குற்றம். கல் சுவரால் தடுத்தாலும் பூச்செடியால் தடுத்தாலும் சட்டத்துக்கு ஒன்றுதான். மனு எழுதும்போது ‘பாதை ஆக்கிரமிப்பு’ என்று மட்டும் எழுதி வருவாய்த் துறையோடு முடித்துவிடாதீர்கள். எந்தத் தெருவுக்கான பாதை, எதற்குப் போகும் பாதை என்று எழுதுங்கள்.

வேலியே பயிரை மேய்ந்தால் என்ன செய்வது என்று ஊரில் ஒரு பழமொழி சொல்வார்கள். நமக்கு அதற்கு முந்தின கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த வேலியை நட்டது யார், நம்மை எந்தப் பக்கம் விட்டு நட்டார்கள்? இந்த வாரம் உங்கள் கிராம வரைபடத்தை எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் நாலு பேராகச் சேர்ந்து நடங்கள், சுடுகாடு வரைக்கும்.

ஜெய்பீம்.